அரிசியில் ஆர்சனிக்: செல்வத்துக்கு

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? நீ அனுப்பிய குரோமட்டோகிராம்களை, அதாவது ஆர்சனிக் வகைகளைக் குழலில் பிரித்து நிறைமானியில் (ஐசிபி-எம்எஸ்) அளந்த படங்களை, பார்த்தேன். ஒரே அரிசி, கனிம ஆர்சனிக்கின் இரு வடிவங்களில் திங்களன்று ஆர்சனைட் தூக்கல், வியாழனன்று ஆர்சனேட் தூக்கல். குழல் மீது பழி போடாதே. இரண்டு பீக்கையும் (படத்தில் எழும் மேடுகளையும்) கூட்டிப் பார், தொகை அசையவில்லை. சாறு காத்திருக்கும்போதே ஆர்சனைட் ஆக்சிஜனேற்றமாகி ஆர்சனேட்டாகிறது.

அந்தப் பிரிவினை உனக்குத் தேவையே இல்லை என்பேன். கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வரம்பு கனிம ஆர்சனிக்கின் மொத்தத்துக்குத்தான்: தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.2 மி.கி., தீட்டாததில் 0.35. ஐரோப்பிய முறைப்படி 0.1 மோலார் நைட்ரிக் அமிலத்திலேயே 3 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து, 90 டிகிரி நீர்த்தொட்டியில் ஒரு மணி நேரம் வை. எல்லாம் ஆர்சனேட்டாகிவிடும். ஆர்சனைட்டின் பிகேஏ, அதாவது பாதி மூலக்கூறுகள் புரோட்டானை இழந்து மின்னூட்டம் பெறும் பிஎச், 9.2. பிஎச் 8 வாக்கில் மின்னூட்டமில்லாமல், எதிர்மின் அயனிகளைப் பிடித்துவைக்கும் எதிரயனிக் குழலில் நிற்காமல், ஓட்டத்தின் முகப்பிலேயே ஓடிவந்துவிடும். ஆர்சனோபீட்டைன் என்ற கரிம ஆர்சனிக்கும் அங்கேதான் வரும். ஆர்சனேட்டோ கடைசியில் தனியாக வரும். பெராக்சைடுக்குப் பிறகும் முகப்பில் பீக் மிச்சமிருந்தால் அது ஆர்சனைட் அல்ல. சூடாக்கும் முன்னும் பின்னும் குப்பியை எடைபோடு. மூடி தளர்ந்து நீர் ஆவியானால் முடிவு கூடுதலாகத் தெரியும்.

அடுத்து குளோரைடு. ஆர்சனிக்குக்கு இயற்கையில் நிறை 75 தவிர வேறு ஐசோடோப்பு இல்லை. நிறைமானியின் ஆர்கன் வாயுவும் குளோரின் 35-ம் சேர்ந்து அதே 75-இல் உட்கார்ந்து, ஆர்சனிக் போலத் தெரியும். இந்தக் குறுக்கீட்டை அடக்கும் ஹீலியம் வாயுவை நிறுத்திவிட்டு வெறும் உப்புக் கரைசலைச் செலுத்து. 75-இலும் 77-இலும் ஏறக்குறைய 3:1 விகிதத்தில் ஒரே நேரத்தில் பீக் எழும். அந்த நேரத்தைக் குறித்துக்கொள். பிறகு ஹீலியத்தைத் திறந்து, அது அடங்குகிறதா பார்.

குழலில் ஓட்டும் கரைசல் பாஸ்பேட் பஃபராக இருந்தால், அது நிறைமானியின் நுழைவாயிலான கோனில் படியும், சிக்னல் மெல்ல இறங்கும். அம்மோனியம் கார்பனேட் படிவு விடாது. ஆனால் புட்டி திறந்திருந்தால் பிஎச் நகர்ந்து பீக்குகளும் இடம் மாறும். அன்றன்றைக்குத் தயாரி.

ஒவ்வொரு தொகுதியிலும், அளவுகள் சான்றளிக்கப்பட்ட 1568பி அரிசி மாவு ஓடட்டும். கிலோவுக்கு மி.கி. கணக்கில் டிஎம்ஏ என்ற கரிம வகை 0.180, கனிமம் 0.092, இன்னொரு கரிம வகையான எம்எம்ஏ 0.012 வரவேண்டும், கூட்டினால் மொத்தமான 0.285-ஐ ஒட்டி நிற்கும். குறைந்தால் அதே சாற்றைக் குழலில்லாமல் நேரே செலுத்து. அப்போது சரியாக வந்தால் குழலில் சிக்குகிறது. அப்போதும் குறைந்தால் மாவிலிருந்தே முழுதாக இறங்கவில்லை, அரவையைப் பார்.

உப்புக் கரைசல் ஓட்டியதும் அந்தப் படத்தை அனுப்பு.

அன்புடன்,
குமார்