ஓசியும் ஒரு மைக் செட்டும்

பர்மிங்காம்,
28.12.2025, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

டெய்லர் கடை அண்ணி கையில் நீ கொடுத்தனுப்பின கடிதமும் பருப்புப்பொடியும் வந்து ஒரு மாசம் ஆகப்போகுது. பொடி பாதிக்கு மேல் காலி, பதில்தான் எழுதலை. வாட்ஸப்பில் தினம் மூஞ்சியைப் பார்க்கிறோமேன்னு தள்ளிப் போட்டுட்டேன், கோவிச்சுக்காதே. நீ ஏன் பேப்பரில் எழுதினேன்னு எனக்குத் தெரியும். நம்ம வீட்டில் போன் பேசினா ஹாலில் இருக்கிறவர் காதில் விழாம இருக்காது. அண்ணி மகள் பிரசவம் பார்த்து முடிச்சு பொங்கலுக்குத் திரும்புறாங்க, அவங்ககிட்டயே இதைக் கொடுத்து விடுறேன். முதல் ரெண்டு தாளை அப்பாவுக்குச் சத்தமா படிச்சுக் காட்டு. மூணாவது தாள் உனக்கு.

நான் நல்லா இருக்கேன். குளிர்தான் ஜாஸ்தி. நாலு மணிக்கெல்லாம் இருட்டிடுது. மாவு அரைச்சு வெச்சா ரெண்டு நாளானாலும் அப்படியே கிடக்கு. அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் மாடியில் வெந்நீர் டேங்குக்குன்னு ஒரு அலமாரி இருக்கு, துண்டெல்லாம் அதில்தான் காயும். என் மாவுச் சட்டியை அங்கே வெச்சுட்டு நைட் ஷிப்டுக்குப் போயிடுவேன். காலையில் வந்தா பொங்கி நிற்கும். போன வாரம் வழிஞ்சு அவர் சட்டை மேல் கொட்டிடுச்சு. திட்டுவார்னு பார்த்தா, விரலால் தொட்டு மோந்து பார்த்துட்டு, "இது உயிரோட இருக்கு"ன்னார்.

இவரோட முதலில் சண்டைதான் போட்டேன். இங்கே வீடெல்லாம் ஒட்டி ஒட்டி, ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ராத்திரி வேலை முடிச்சு வந்து படுத்தா, பகல் பதினோரு மணிக்குச் சுவர் அதிர இடி மாதிரி ஒரு கிடார் சத்தம். கதவைத் தட்டிக் கேட்டேன். மனுஷன் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்து, ரெக்கார்டு அட்டையைக் கையில் திணிச்சுட்டார். பிளாக் சபாத்னு ஒரு ராக் இசைக்குழு. அதில் பாடினவர் பேர் ஓசி ஆஸ்பர்ன். (நம்ம ஊர் ஓசி இல்லைன்னு அப்பாகிட்ட சொல்லு, கண்டிப்பா அதைத்தான் கேட்பார்.)

இந்த ஓசி 1948ல் பிறந்து, இங்கேயே ஆஸ்டன்ங்கிற பேட்டையில் வளர்ந்தவர். அந்தப் பக்கம் அப்போ நம்ம பெரம்பூர் மாதிரிதான் போல, எந்தத் தெருவில் திரும்பினாலும் ஃபேக்டரி. அவர் அப்பா டூல் மேக்கர், ராத்திரி ஷிப்டு. அம்மாவுக்கு லூகாஸ் ஃபேக்டரியில் பகல் வேலை. பிள்ளைங்க ஆறு பேர். பையன் பதினஞ்சு வயசில் பள்ளிக்கூடத்தை விட்டவன். மாடு வெட்டுற இடத்திலும் வேலை பார்த்தான், அம்மா வேலை பார்த்த ஃபேக்டரியிலேயே நாள் பூரா கார் ஹாரனைச் சுருதி சரி பார்க்கிற வேலை. காது என்னத்துக்கு ஆகும்! திருடி மாட்டினப்போ அப்பா அபராதம் கட்ட மாட்டேன்னுட்டார். ஆறு வாரம் ஜெயில்.

ஆனா அதே அப்பாதான் அப்புறம் கடன் வாங்கி மகனுக்கு ஒரு மைக் செட் வாங்கிக் கொடுத்தார். பையன் உடனே ஒரு மியூசிக் கடையில் சீட்டு ஒட்டினான்: பாட ஆள் தயார், சொந்த மைக் செட் இருக்கு. அதைப் பார்த்துட்டுத்தான் கிடார் வாசிக்கிற டோனி அயோமியும் டிரம்ஸ் வாசிக்கிற பில் வார்டும் அவன் வீட்டுக் கதவைத் தட்டினாங்க. பெரியவர் இதைச் சொல்லும்போதெல்லாம், "குரலைத் தேடி வரலை, மைக் செட்டைத் தேடி வந்தாங்க"ன்னு ஒரு சிரிப்பு சிரிப்பார்.

அந்த டோனி கதை இன்னும் மோசம். தகர ஃபேக்டரியில் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வந்தவன் திரும்பப் போக மாட்டேன்னான். அவங்க அம்மா, போய் முழு நாளையும் முடிச்சுட்டு வான்னு அனுப்பினாங்க. அன்னிக்கே மிஷின் வலது கை ரெண்டு விரல் நுனியை எடுத்துடுச்சு. அவர் இடது கைப் பழக்கம், கிடாரில் தந்தியை அமுக்குறது அந்த விரல்தான். பாத்திரம் கழுவுற சோப்பு பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி பண்ணி மாட்டிக்கிட்டு வாசிச்சார். பெரியவர் சிங்க்கில் இருந்த பச்சை பாட்டில் மூடியைத் தன் விரலில் செருகி, மேஜை மேல் டக் டக்குன்னு தட்டிக் காட்டினார். இவரும் பிரஸ் ஷாப்பில் இருந்தவர், இடது கட்டை விரலில் நகம் கிடையாது. ரயில் பெட்டி ஃபேக்டரி ஷெல் டிவிஷனில் அப்பாவுக்கு ஆனது ஞாபகம் வந்துச்சு.

இவங்க சேர்ந்த பிளாக் சபாத்தோட முதல் ஆல்பம் 1970. உலகம் பூரா பேர். 1979ல் குடி தாங்காம அவங்களே ஓசியை வெளியே அனுப்பிட்டாங்க. எல்லாம் முடிஞ்சுதுன்னு ஓட்டல் ரூமில் குடிச்சுட்டுக் கிடந்தவரைத் தூக்கி நிறுத்தினது ஷாரன், பின்னால் அவர் பெண்டாட்டி ஆனவங்க. அடுத்த வருஷமே தனியா ஆல்பம் வந்து, ஓடு ஓடுன்னு ஓடுச்சு. தனியாப் பாடினார்னு பேரே தவிர, பக்கத்தில் ராண்டி ரோட்ஸ்னு ஒரு சின்னப் பையன் கிடார். பாட்டில் பாதி அந்தப் பையன்தான்னு பெரியவர் கட்சி. 1982ல் விமான விபத்தில் போயிட்டான், 25 வயசு.

ரெண்டாவது தாள் இதோட முடியுது. அப்பா, மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க. மொட்டை மாடி ஓதம் எப்படி இருக்குன்னு சொல்லுங்க.

அம்மா, இது உனக்கு.

ஓசி கதையை ஏன் இவ்வளவு இழுத்தேன்னு உனக்குப் புரிஞ்சிருக்கும். தம்பியை ஆர்க்கெஸ்ட்ராவிலிருந்து எடுத்துட்டாங்கன்னு நீ எழுதியிருக்கே, அவன் கேட்டா நானே விலகிட்டேன்கிறான். எதுவா இருந்தா என்ன? ஆடி மாசத்திலிருந்து அப்பா அவன் முகத்தைப் பார்க்கலைன்னா அதுதான் பெரிய விஷயம். நேரா சொன்னா அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிடுவார். ஃபேக்டரிக்காரர் கதைன்னா கேட்பார். மைக் செட் இடத்தை மட்டும் மெதுவாப் படி. மேடையில் ஓசி வௌவால் தலையைக் கடிச்ச கதையை நான் எழுதவே இல்லை, நீயும் வாய் தவறிச் சொல்லிடாதே. ரப்பர் பொம்மைன்னு நினைச்சுக் கடிச்சாராம், நாய் கடிக்குப் போடுற ஊசி அத்தனையும் போட்டாங்க.

ஜூலை 5ந்தேதி வில்லா பார்க் மைதானத்தில் அவரோட கடைசிக் கச்சேரி. வளர்ந்த வீட்டுக்கு நடந்து போற தூரம். பார்க்கின்சன் வந்து நிற்க முடியாம, சிம்மாசனத்தில் உட்கார்ந்தே பாடினார். பெரியவர் பேரன் டிவியில் போட்டுக் கொடுத்தான், நானும் போனேன். "அம்மா, நான் வீட்டுக்கு வர்றேன்"னு அர்த்தம் வர்ற ஒரு பாட்டு. அவர் அம்மான்னு கூப்பிட்டது பெண்டாட்டியை, அது அப்புறம்தான் தெரிஞ்சுது. அன்னிக்குத் தெரியாது. நான் எழுந்து போய், கழுவி வெச்சிருந்த தட்டையே மறுபடி கழுவினேன். ஃபேக்டரி சங்கு ஊதினதும் நீ குக்கரை இறக்குற சத்தம் கேட்கிற மாதிரி இருந்துச்சு. பதினேழு நாளில் அவர் போயிட்டார். பிராட் ஸ்ட்ரீட்டில் ஊர்வலம். பேண்டு வாத்தியம் முன்னால் போக, வண்டி மேல் பூ விழுந்துக்கிட்டே இருந்துச்சு, நம்ம தெருப் பெரிய சாவு மாதிரி. பெரியவர் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். நானும் அவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். தம்பி குடிக்கிறானான்னு மட்டும் கவனி, மத்ததெல்லாம் அப்புறம். கீபோர்டு அண்ணனை எக்காரணம் கொண்டும் பகைச்சுக்காதேன்னு சொல்லு, தனியாப் பாடறதுக்கும் பக்கத்தில் ஒருத்தர் வேணும். மைக் செட்டுக்குத் தம்பி அறுபதாயிரம் கேட்கிறானாமே. இந்த மாசமும் அடுத்த மாசமும் என்னால் கொஞ்சம் கம்மியாத்தான் அனுப்ப முடியும். ஷிப்டு மாத்துறாங்க, வேற ஒண்ணும் இல்லை. ஹீட்டர் போடறியான்னு கேட்டுக்கிட்டே இருக்காதே, போடுறேன். ஏஜென்ட் பாக்கி பத்திப் பெரியப்பாகிட்ட பேச்செடுக்காதே.

பீரோவில் என் ரெண்டு வளையல் இருக்கு. பேங்கில் வை, சேட்டுக் கடை வேண்டாம். பணத்தைத் தம்பி கையில் கொடுக்காதே, அப்பா கையில் கொடு. அவரே அவனைக் கூட்டிட்டுப் போய் வாங்கித் தரட்டும். ரசீதை அரிசி டப்பாவில் ஒளிச்சு வைக்காதே, போன தடவை பூச்சி அரிச்சு நம்பரே தெரியலை.

உன்
பெரியவள்