நடுக்கடலில் மலைக்கு எங்கே போவேன்?

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ‘சீம்லெஸ்’ (ஒட்டுத் தெரியாதது) என்று விற்ற வானத்தில் ஒட்டுத் தெரிவது பற்றி

ஐயா / அம்மா,

வணக்கம். வீடியோ கேம்களுக்கு ஃபிராக்டல் மேகங்களை (பெரிய வடிவத்துக்குள் அதே சாயலில் சிறு வடிவங்கள் அடுக்கிய மேகங்களை) உருவாக்கித் தரும் உங்கள் மென்பொருளைப் போன மாதம் முழு விலை கொடுத்து வாங்கினேன். தனி ஆளாக ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறேன். கடல், ஒரு துடுப்புப் படகு, அவ்வளவுதான். திரையில் பாதிக்கு மேல் வானம் என்பதால்தான் இலவசப் படங்களை விட்டுவிட்டு உங்களிடம் வந்தேன்.

‘சீம்லெஸ்’ பெட்டியில் டிக் போட்டு, 4096-க்கு 2048 பிக்சலில் படம் எடுத்து, கேம் காட்சியை மூடியிருக்கும் வானக் கோளத்தில் சுற்றினேன். முதலில் விளையாடிப் பார்த்தது என் அக்கா மகன். படகைத் திருப்பியவன், “மாமா, வானம் கிழிஞ்சிருக்கு” என்றான். படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் சேரும் இடத்தில் அடிவானத்திலிருந்து உச்சி வரை ஒரு கோடு. உற்றுப் பார்த்தால், பெரிய மேகத் திரள்கள் சரியாகத்தான் பொருந்துகின்றன. விளிம்பில் பஞ்சு பிரிந்தாற்போல இருக்கும் மெல்லிய இழைகள் மட்டும் பிளேடால் அறுத்ததுபோல் பாதியில் நிற்கின்றன.

காரணத்தை நானே தோண்டினேன். (அது உங்கள் வேலை.) படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தற்செயலாக ஏறி இறங்கும் வெளிச்சத்தை நிரப்பும் கோலம்தான் ‘நாய்ஸ்’. ஒரே நாய்ஸைப் பல அளவுகளில் அடுக்கிக் கூட்டினால் ஃபிராக்டல் மேகம். ஒவ்வோர் அடுக்கும் படத்தின் அகலத்துக்குள் முழுக் கட்டங்களாக முடிந்தால்தான் ஓரங்கள் சேரும். நீங்களோ ‘லாகுனாரிட்டி’யை (ஓர் அடுக்கைவிட அடுத்த அடுக்கில் கட்டங்கள் எத்தனை மடங்கு என்ற எண்ணை) 2.1 என்று வைத்தே அனுப்பியிருக்கிறீர்கள். முதல் அடுக்கில் 4 கட்டம், அடுத்ததில் 8.4, அதற்கடுத்ததில் 17.64. அரைகுறைக் கட்டம் எப்படி ஒட்டும்? அதை 2 ஆக்கியதும் கோடு போய்விட்டது.

சரி, தீர்ந்தது என்று நினைத்து மேலே பார்த்தேன். உச்சியில் மேகமெல்லாம் மோதகத்தின் குடுமிபோல் ஒரே புள்ளியில் கூம்பி நிற்கிறது. மேல் வரிசையின் 4096 பிக்சலும் அந்த ஒரு புள்ளியில் வந்து முட்டினால் வேறென்ன ஆகும்? தட்டையாக வரைந்துவிட்டு உருண்டையில் சுற்றுவதால் வரும் கோளாறு இது. பார்க்கும் திசையை வைத்து முப்பரிமாண நாய்ஸிலிருந்து நிறத்தை எடுத்திருந்தால் ஓரமும் இல்லை, குடுமியும் இல்லை. கணினி வரைகலை ஆய்வாளர் கென் பெர்லின் 1985-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே முப்பரிமாண நாய்ஸ் உண்டு. நான் ஒன்றும் புது வித்தை கேட்கவில்லை.

உங்கள் உதவிப் பிரிவுக்கு மூன்று முறை எழுதினேன். இரண்டுக்குத் தானியங்கிப் பதில். மூன்றாவதுக்கு, “கோடு விழும் பக்கம் ஒரு மலையோ கட்டடமோ வைத்து மறைத்துக்கொள்ளுங்கள்” என்று வந்தது. நடுக்கடலில் மலைக்கு எங்கே போவேன்? அப்புறம், குடுமியை எதை வைத்து மறைப்பது என்று அந்த அன்பர் சொல்லவில்லை.

15 நாட்களுக்குள் திருத்திய பதிப்பைக் கொடுங்கள்; முடியாதென்றால் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுங்கள். பாதித் தொகைக்கான கூப்பன் வேண்டாம். கோடும் குடுமியும் தெரியும் இரண்டு ஸ்கிரீன்ஷாட்களையும் ரசீதையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்