அரிசிமலைக் கற்களை அள்ளிவர வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் தலவாக்கலையிலிருந்து வான் வண்டியில் புறப்பட்ட நாங்கள், திருகோணமலைக் கோணேசர் கோயிலைத் தரிசித்துவிட்டு, நிலாவெளியில் இறங்காமல் குச்சவெளி, திரியாய் வழியாக வடக்கே சென்று, புல்மோட்டைக்கு அண்மையிலுள்ள அரிசிமலைக் கடற்கரையைப் பார்த்தோம். ஹோட்டல்களோ படகுச் சவாரிக்கு அழைப்போரோ அங்கில்லை. கரையில் மணலுக்குப் பதிலாக அரிசிமணி போன்ற சிறு கற்களே பரந்து கிடக்கின்றன. வாழ்நாளெல்லாம் அரிசியில் கல் பொறுக்கிய என் தாயார், கல்லே அரிசியாகக் கிடப்பதைக் கண்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்தும் பார்த்துவிட்டார்.

சற்று வடக்கே புல்மோட்டைக் கரையோ கறுத்துக் கிடக்கிறது. இல்மனைட், ரூட்டைல், சேர்கோன் ஆகிய கனியங்கள் அம்மணலில் செறிந்திருப்பதாலேயே, 1957ஆம் ஆண்டில் அரசு கனிய மணலுக்கெனக் கூட்டுத்தாபனம் ஒன்றை நிறுவியது. நம் அடுக்களையில் அரிசியைக் கல்லிலிருந்து பிரித்தெடுக்கும் அரிக்கன் சட்டி செய்யும் வேலையை அங்கே அலை செய்கிறது. இலேசான வெண்மணலைப் பின்வாங்கும் நீர் இழுத்துச் செல்ல, பாரமான கறுப்பு மணல் கரையில் தங்கிவிடுகிறது. மத்திய மலைநாட்டுப் பாறைகள் சிதைந்து, ஆறுகளால் கடல் சேர்ந்த கனியங்களே இவை என்று புவியியலாளர் கூறுவர். எங்கள் ஊரைத் தொட்டோடும் கொத்மலை ஓயா கலக்கும் மகாவலியும் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில்தான் கடலடைகிறது என்பதை எண்ணியபோது, அந்நியமான கரையில் நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மனத்தை உறுத்தியது வேறொன்று. அரிசிமலையில் எங்களுக்கு முன் வந்திருந்தவர்கள் வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களில் கற்களை நிரப்பிக்கொண்டிருந்தனர். எங்கள் பிள்ளைகளும் அதையே செய்யத் தொடங்க, ஒவ்வொன்றாக வாங்கிக் கொட்டவைத்தேன். அலை நெடுங்காலம் உருட்டித் தேய்த்தெடுத்த கல், வீட்டு அலுமாரியில் தூசி படியத்தானா? நிரப்பாத போத்தல்கள் கரையிலேயே கிடந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். கற்களை அள்ளலாகாது என மும்மொழிகளிலும் ஓர் அறிவித்தல் பலகையும், நாள்தோறும் வெறுமையாக்கப்படும் குப்பைத் தொட்டியும் போதும். அதற்குமேல் அபிவிருத்தி எதுவும் அக்கரைக்கு வேண்டாம் என்பதே உரிய பிரதேச சபையிடம் என் வேண்டுகோள். சுற்றுலா வான் ஒழுங்குசெய்வோரும் இதைப் புறப்படுமுன்பே பயணிகளுக்குச் சொல்லலாம்.

வீடு திரும்பியபின் என் தாயாரின் முந்தானை முடிச்சில் ஒரு பிடிக் கல் இருந்தது. அடுத்த முறை கோணேசரிடம் போகும்போது தாமே கொண்டுபோய்க் கொட்டிவிடுவதாகக் கூறியிருக்கிறார்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை.