சிவகாசி அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

பணம் திரட்ட நாங்கள் அச்சிட்ட காலண்டர் முழுவதும் விற்றுவிட்டது. எபிடெர்மோலைசிஸ் புல்லோசா, அதாவது லேசாக உரசினாலே தோல் கொப்புளித்து உரியும் பிறவி நோய், உள்ள எங்கள் பெற்றோர் குழுவின் பிள்ளைகளுக்கு, கோடை முடியும்வரை புண்ணில் ஒட்டாத சிலிக்கோன் கட்டு வாங்கப் பணம் சேர்ந்துவிட்டது. வெயில் ஏற ஏறக் கொப்புளமும் கூடும் என்பதால் இது எங்களுக்கு எத்தனை பெரிய நிம்மதி என்று உங்களுக்கே தெரியும்.

படம் வரைந்து கொடுத்த தங்கைக்கு நன்றி. இந்த நோய் என்றால் ரணத்தைப் படம்பிடித்துப் போட்டு உதவி கேட்பதுதான் வழக்கம். அவர் வரைந்த பிள்ளைகளோ பட்டம் விடுகிறார்கள், யானையைக் குளிப்பாட்டுகிறார்கள். கையில் கட்டு இருக்கிறது, ஆனால் அதில் பூவும் புள்ளியுமாக வண்ணம். என் மகள் அதைப் பார்த்துவிட்டுத் தன் கட்டின் மேலும் பூ வரையச் சொல்லிவிட்டாள்.

அச்சக அண்ணாச்சியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். விலை பேசப் போன் செய்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "பிள்ளைக இதைக் கையில எடுத்துப் பார்க்குமா?" மேல்தோலையும் அடித்தோலையும் பிடித்துவைக்கும் கொலாஜன் 7 என்ற புரதம் என் மகளைப் போன்ற பிள்ளைகளுக்குச் சரியாக அமையவில்லை, லேசாக உரசினாலே தோல் உரிந்துவிடும் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். பார்சல் வந்தபோது ஒவ்வொரு தாளிலும் நான்கு மூலையும் வளைத்து வெட்டியிருந்தது. லேமினேஷன் இல்லை, அதன் ஓரம் பிளேடு போல அறுக்குமாம். கம்பிச் சுருளுக்குப் பதில் பருத்தி நாடா. இது எதையும் நாங்கள் கேட்கவில்லை. அதற்கென்று தனிக் கூலியும் அவர் வாங்கவில்லை. பிள்ளைகளுக்காக எத்தனையோ செய்கிறோம், அவர்கள் தொட முடியுமா என்று இதில் எங்களுக்கே தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. என் மகள் இப்போது தானே மாதத்தைப் புரட்டுகிறாள்.

வாங்கியவர்கள், அலுவலகத்திலும் கோயில் வாசலிலும் விற்றுத் தந்தவர்கள், பின்னட்டையில் இருந்த 'இது தொற்றாது' என்ற வரியைப் பக்கத்து வீட்டாருக்கு வாசித்துக் காட்டியவர்கள், உங்கள் எல்லோருக்கும் எங்கள் வணக்கம். அமெரிக்காவில் 2023-இல் என் மகளுக்கு இருக்கும் வகைக்கென்று மரபணு சிகிச்சை ஜெல் ஒன்று ஒப்புதல் பெற்றது. அது எங்கள் கைக்கு எட்டும்வரை கட்டுதான் மருந்து, அந்தக் கட்டுக்கு நீங்கள்தான் வழி செய்தீர்கள்.

இனி எங்கள் குழு எந்தக் குழந்தையின் புண்ணையும் படமாகப் போட்டுப் பணம் திரட்டாது. இது உறுதி. அண்ணாச்சி, அடுத்த ஆண்டுப் படங்களை ஆடிப்பெருக்குக்கு முன்பே அனுப்பிவிடுகிறோம். அதே நாடா, அதே மூலைதான்.