ஸ்டால் எண் தெரிந்தவரெல்லாம் அமைப்பாளர் இல்லை

அன்புள்ள கதிர்,

முதல் தடவையாக உன் கம்பெனி பெயரில் கண்காட்சியில் ஸ்டால் போடப் போகிறாய் என்று கேட்டதில் எங்கள் இரண்டு பேருக்கும் ரொம்ப சந்தோஷம். டிஸ்ப்ளே, லைட்டு பற்றியெல்லாம் அப்பா தனியாக எழுதுவார். அவருக்குத் தெரியாத விஷயத்தில்தான் அவருக்கு நிறைய யோசனை வரும். வேலை பார்த்த காலமெல்லாம் பில் பாஸ் பண்ணியவள் நான். அதனால் பணம் எந்தெந்த வழியாக வெளியே போகும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஸ்டால் உறுதியானதும் அமைப்பாளர்கள் உன் கம்பெனி பெயர், ஹால் எண், ஸ்டால் எண் எல்லாவற்றையும் பங்கேற்பாளர் பட்டியலில் போட்டுவிடுவார்கள். வாங்க வருகிறவர்கள் உன்னைத் தேடிப் பிடிக்கத்தான் அது. ஆனால் வேறு சிலரும் அதே பட்டியலைத்தான் படிக்கிறார்கள். "ஹால் 4, பி-17 உங்களுடையதுதானே சார்?" என்று போனில் ஒருவர் கேட்டதுமே நமக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். அந்தப் பாதியை வைத்துத்தான் அவர்கள் பிழைப்பே நடக்கிறது. ஊருக்கே தெரிந்த விவரத்தைச் சொன்னதால் ஒருவர் அமைப்பாளரின் ஆள் ஆகிவிட மாட்டார்.

போன வாரம் உன்னைக் கூப்பிட்ட ஹோட்டல்காரர் விஷயமும் இதுதான் என்று நினைக்கிறேன். "கண்காட்சிக்கான தங்குமிட வேலையை நாங்கள்தான் பார்க்கிறோம்" என்றாரா, "அமைப்பாளர்கள் நியமித்த ஏஜென்சி நாங்கள்" என்றாரா? முதல் வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அப்புறம் "ஒதுக்கிய அறைகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன, இன்று சாயங்காலத்துக்குள் கார்டு விவரம் கொடுங்கள்" என்பார்கள். முழுப் பணமும் முன்னாலேயே, ரத்து செய்தால் திரும்ப வராது. சிலர் எங்கோ தொலைவில் ஒரு அறையையாவது கொடுப்பார்கள். சிலரிடம் பதிவு செய்துவிட்டுப் போய் நின்றால் ரிசப்ஷனில் உன் பெயரே இருக்காது. ஸ்டால் போடுகிறவர்களுக்கு அமைப்பாளர் தரும் கையேடு, அந்த எக்சிபிட்டர் மேனுவலை எடுத்துப் பார். தங்குமிடம், சரக்கு, ஃபர்னிச்சர், கரண்ட் கனெக்‌ஷன் என்று ஒவ்வொன்றுக்கும் அதிகாரபூர்வமானவர் யார் என்று அதில் இருக்கும். அதில் இல்லாத பெயர் என்றால் அமைப்பாளருக்கே போன் பண்ணிக் கேள். கூப்பிட்டவர் கொடுத்த நம்பருக்கு இல்லை, நீ கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கும் நம்பருக்கு. கார்டு விவரத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டாய் என்றால் மீதிக் கடிதத்தை அப்புறம் படி, முதலில் பேங்க்குக்குப் பேசு.

சரி, கண்காட்சி டைரக்டரியில் கம்பெனி பெயரைப் போடுவதாகச் சொல்லி வந்தது என்று நீ போட்டோ எடுத்து அனுப்பியிருந்த படிவத்துக்கு வருகிறேன். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே கண்காட்சியின் பெயர் கொட்டை எழுத்தில். உன் கம்பெனி பெயர், முகவரி, ஸ்டால் எண் எல்லாம் ஏற்கெனவே நிரப்பியிருக்கிறது. போன் நம்பரில் மட்டும் ஒரு எண் தப்பு. தப்பைக் கண்டால் திருத்தத்தானே கை போகும்! "விவரங்களைச் சரிபார்த்து அனுப்புங்கள், அடிப்படைப் பதிவு இலவசம்" என்று ஒரு வரி. கையெழுத்துப் போடுகிற கோட்டை ஒட்டிப் பொடி எழுத்தில் ஒரு பத்தி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கையெழுத்திட்டால் விளம்பரத்துக்கு ஆர்டர் கொடுத்ததாக அர்த்தமாம். ஒப்பந்தம் 3 ஆண்டு, ஆண்டுக்கு 1000 யூரோவுக்கு மேல், முன்கூட்டியே எழுத்தில் ரத்து செய்யாவிட்டால் தானாகவே நீளும். இலவசம் என்று அவர்கள் சொல்வது வெறும் பெயர்ப் பதிவைத்தான், கையெழுத்து வாங்குவதோ விளம்பரத்துக்கு.

இது இன்று நேற்று வந்த வித்தை இல்லை. 1925-இல் மிலானில் தொடங்கி இப்போது பாரிசிலிருந்து இயங்கும் யூஃபி என்கிற உலகக் கண்காட்சித் துறைச் சங்கம், ஃபேர் கைடு, எக்ஸ்போ கைடு என்ற பெயர்களில் வந்த இப்படிப்பட்ட படிவங்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக எச்சரித்திருக்கிறது. கண்காட்சி முடிந்த பிறகும் வரும். நீ ஊருக்குத் திரும்பிய களைப்பில் இருப்பாய், ஆபீசில் யாராவது பையன் நல்லது செய்வதாக நினைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவான். அப்படி நடந்துவிட்டால் அவனைத் திட்டாதே, பயந்துபோய் பணமும் கட்டாதே. ஏமாற்றி வாங்கிய கையெழுத்து, ஒப்பந்தத்தை ஏற்கவில்லை என்று உடனே எழுத்தில் தெரிவித்துவிட்டு வக்கீலிடம் காட்டு. வசூல் ஏஜென்சி பெயரில் மிரட்டல் கடிதங்கள் வரும். ஒரு ஆண்டுத் தொகையைக் கட்டித் தொலைத்தால் விட்டுவிடுவார்கள் என்று தோன்றும். கட்டினால், ஒப்பந்தத்தை நீயே ஒப்புக்கொண்டதாக அதையே காட்டுவார்கள்.

விசிட்டர் பட்டியல் விற்கிறோம் என்று வரும் மெயில்களைப் படிக்கவே வேண்டாம். பதிவே முடியாத கண்காட்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒற்றை இலக்கம் வரை சொல்வார்கள், அதிலேயே தெரியவில்லையா? தவிர, ஐரோப்பாவில் 2018-இலிருந்து ஜிடிபிஆர் என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் திரட்டிய விலாசங்களுக்கு மெயில் அனுப்பினால் வாங்கியவனுக்கும் வம்புதான்.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் ஒன்றுதான். அமைப்பாளரோடு நீ நடத்தும் மெயில் போக்குவரத்துக்கு நடுவிலேயே, அதே இன்வாய்ஸ், அதே தொகை, "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று ஒரு வரியோடு வரும். அவர்களுடைய மெயில் பெட்டிக்குள்ளேயே யாரோ புகுந்திருக்கலாம், இல்லை முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கலாம். நான் வேலையில் இருந்தபோது, கணக்கு எண் மாறினால் பழைய நம்பரில் ஆளைப் பிடித்துக் குரலைக் கேட்காமல் காசோலையில் கை வைக்க மாட்டேன். மேனேஜரே அவசரப்படுத்தினாலும் அசைய மாட்டேன். பின்னால் என்னைப் பற்றி என்னென்னவோ பேசினார்கள், பேசட்டும். வெளிநாட்டுக் கணக்குக்குப் போன பணத்தைத் திரும்பப் பிடிப்பது லேசு இல்லை.

ஸ்டாலுக்கு வருகிறவர்களிலும் ஒரு ரகம் உண்டு. விலையே பேசாமல் பெரிய ஆர்டர் கொடுப்பார். அப்புறம் பதிவுக் கட்டணம், நோட்டரி கட்டணம் என்று உன்னிடமே கேட்பார். அல்லது கூடுதல் தொகைக்குக் காசோலை கொடுத்து மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொல்வார். காசோலைப் பணம் கணக்கில் ஏறியதாகக் காட்டிய பிறகும், சில வாரம் கழித்துக்கூட அது போலி என்று திரும்பலாம். பேரம் பேசாத வியாபாரியை நான் பார்த்ததே இல்லை.

அடுத்த வருஷத்துக்கு வேறு கண்காட்சியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது என்று சொன்னாயே, அது உண்மையிலேயே நடக்கிறதா என்று அந்த அரங்கத்துக்கே போன் பண்ணி, அவர்கள் நிகழ்ச்சிப் பட்டியலில் அந்தத் தேதி இருக்கிறதா என்று கேட்டுவிடு. பேர் பெற்ற கண்காட்சியின் பெயரில் ஒரு சொல்லை மாற்றிப் போட்டு இடம் விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

படிவத்தைக் கிழித்துப் போடாதே, ஃபைலில் வை. ஹால் பிளான் கையில் வந்ததும் எனக்கும் ஒரு காப்பி அனுப்பு. நுழைவாசலிலிருந்து உன் ஸ்டால் எத்தனை தூரம் என்று அப்பா தினமும் கேட்கிறார்.

அன்புடன்,
அம்மா