செயலாளரின் ஆண்டறிக்கை: நான்கு தளங்களும் ஒன்பது காலி இருக்கைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கு இந்த அறிக்கையின் நகல் அனுப்பி வைக்கப்படும். இதில் பாதி அவர்களைப் பற்றியதுதான்.

நம் விமானப் புகைப்படச் சங்கத்தின் செயற்குழு இந்த ஆண்டு ஆறு முறை கூடியது. ஏழாவது கூட்டம் போதிய எண்ணிக்கை இல்லாததால் தள்ளிவைக்கப்பட்டு, பிறகு மறக்கப்பட்டது. புதிதாக ஐந்து பேர் சேர்ந்தார்கள், மூன்று பேர் விலகினார்கள். பயிற்சி வகுப்புகள் இரண்டு நடந்தன. ஆண்டுக் கண்காட்சி வழக்கம்போல் நடந்தேறியது.

அனுமதி பெற்று நாம் சென்ற விமானத் தளங்கள் நான்கு. ஹெலிகாப்டர் தளத்தில் மழை. பாதிப் பேர் கொட்டகைக்குள் நின்றே படம் எடுத்தோம். பயிற்சித் தளத்தில் எல்லாம் நன்றாக அமைந்தது. ஆனால் லென்ஸின் முன் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை மாட்டியவர்களின் படங்களில் விமானி அறையின் மூடி முழுக்க வானவில் கோடுகள். அந்த மூடி சாதாரணக் கண்ணாடி அல்ல, வார்த்தெடுத்த பிளாஸ்டிக். அதற்குள் உறைந்திருக்கும் இறுக்கத்தை போலரைசர் வெளியே காட்டிவிடும். ஃபில்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள் என்று முதல் பயிற்சி வகுப்பிலேயே சொல்லியிருந்தேன்.

போக்குவரத்து விமானத் தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஷட்டர் வேகத்தை 1/1000க்குக் கீழே இறக்க நம்மில் சிலருக்கு மனம் வருவதில்லை. ஜெட் விமானத்துக்கு அது சரி. சி-130ஜே ஹெர்குலிஸின் புரொப்பல்லர் நிமிடத்துக்குச் சுமார் 1020 முறை சுற்றுகிறது, அதாவது வினாடிக்கு 17 சுற்று. 1/1000 வினாடியில் அது 6 பாகைதான் நகரும். படத்தில் நான்கு எஞ்சினும் நின்றுபோய் விமானம் அந்தரத்தில் தொங்குவதுபோல் இருக்கும். 1/125க்கு இறக்கினால் ஏறக்குறைய 50 பாகை. ஆறு இதழ்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியே 60 பாகைதான் என்பதால் வட்டம் கிட்டத்தட்ட நிரம்பிவிடும். கை நடுங்கும், பத்தில் எட்டுப் படம் கலங்கும், உண்மைதான். மீதி இரண்டு போதும். கண்காட்சிக்கு வந்தவற்றில் ஒன்பது படங்களில் எஞ்சின் நின்றிருந்தது.

இனி நான்காவது தளம், அதாவது போர் விமானத் தளம். இதைப் பற்றி என்மேல் சில பேச்சுகள் உலவுவதால் நடந்ததை முழுமையாகப் பதிவு செய்வது என் கடமை.

அந்த அனுமதிக்கு நான் பதினொரு மாதங்கள் கடிதம் எழுதினேன். வருவோரின் பெயர், அடையாள ஆவண நகல், கேமரா வரிசை எண் எல்லாவற்றையும் ஆறு வாரங்களுக்கு முன்பே கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு பெயரையும் அவர்கள் விசாரிக்கிறார்கள். இருபத்திரண்டு பெயர்கள் கொடுத்தோம். அன்று காலை வாயிலில் வந்து நின்றவர்கள் பதின்மூன்று பேர். காவலர் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒன்பது முறை நான் "வரவில்லை" என்றேன். ஐந்தாவது முறைக்குப் பிறகு அவர் பட்டியலை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். இடம் கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்த நான்கு பேர் அன்று வீட்டில் இருந்தார்கள் என்பதையும் சபை அறிய வேண்டும். வராதவர்களில் மூன்று பேர் முன்கூட்டியே சொன்னார்கள், அவர்களுக்கு நன்றி. ஒருவர் மறுநாள் சொன்ன காரணம், வெளிச்சம் சரியாக இருக்காது என்று நினைத்தாராம். முதல்நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கான்கிரீட் இன்னும் சூடாகவில்லை, கானல் இல்லை; 500 மி.மீ. லென்ஸில் விமானத்தின் ஆணி வரிசை தெரிந்தது. அப்படி ஒரு காலை எனக்கு இந்த ஏழு ஆண்டுகளில் இரண்டு முறைதான் வாய்த்திருக்கிறது.

அடுத்து, அந்த ரப்பர் வளையம். விமானங்கள் நிற்கும் தளத்துக்குள் நுழையுமுன் தொப்பியைக் கழற்ற வேண்டும், லென்ஸ் மூடிகளைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூட வேண்டும், உள்ளே லென்ஸ் மாற்றக் கூடாது. இவை நான் எழுதிக் கொடுத்த விதிகள். உள்ளே சென்று இருபது நிமிடங்களில், ஒரு கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் இருக்கும் ரப்பர் வளையம் காணவில்லை என்று தெரியவந்தது. சொல்லாமல் மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை, உடனே தெரிவிக்கப்பட்டது. அவ்வளவுதான், எஞ்சின் இயக்கம் நிறுத்தப்பட்டது. தளத்தின் பணியாளர்களும் நாமுமாக ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று, குனிந்த தலை நிமிராமல் நாற்பது நிமிடங்கள் நடந்தோம். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய பொருள். ஒரு சக்கரத் தடைக்கட்டைக்குப் பின்னால் கிடைத்தது. அது செயலாளரின் கேமரா. அதில் ஒளிவுமறைவு இல்லை. வளையம் பழையது, மாற்ற வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

இவ்வளவு சிறிய பொருளுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஒரு புதிய உறுப்பினர் கேட்டார். 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்ட் விமானம் எரிந்து விழக் காரணமாக இருந்தது, முன்னால் சென்ற விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்திருந்த சுமார் 43 செ.மீ. உலோகப் பட்டை. அது டயரைக் கிழித்தது, டயர்த் துண்டு எரிபொருள் தொட்டியைத் தாக்கியது. விமானத்தில் இருந்த 109 பேரும் தரையில் நால்வரும் இறந்தார்கள். போர் விமானத்தின் காற்றுவாய் தரையில் கிடப்பதை உறிஞ்சிக்கொள்ளக்கூடியது. அந்த நாற்பது நிமிடங்களுக்காக ஒருவரும் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. இழந்ததைச் சொன்னதற்காகத் தளத்தின் மூத்த பொறியாளர் நன்றிதான் சொன்னார். உலவும் பேச்சுகளில் இந்தப் பகுதி விடுபட்டுவிடுகிறது.

உண்மையில் நம் அனுமதிக்கு ஆபத்து வந்தது வேறு வழியில். எடுத்த படங்களைப் பத்து நாட்களுக்குள் தளத்துக்கு அனுப்பி, அவர்கள் பார்த்துத் தந்த பிறகே வெளியிடுவது என்று எல்லோரும் கையெழுத்திட்டிருந்தோம். ஒரு உறுப்பினர் அன்று மாலையே ஒரு படத்தை இணையத்தில் ஏற்றினார். அழகான படம்தான், தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி சிரிக்கும் விமானி. அவர் தோளுக்குப் பின்னால் அந்த வாரத்தின் பறப்புத் திட்டம் எழுதிய பலகை, ஒவ்வொரு எழுத்தும் துல்லியமாக. இரவு ஒன்பது மணிக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. மன்னிப்புக் கடிதத்தை மூன்று முறை திருத்தி எழுதினேன். 2001 நவம்பரில் கிரேக்கத்தின் கலமாட்டா விமானத் தளத்தில் 12 பிரிட்டிஷாரும் 2 டச்சுக்காரர்களும் உளவுக் குற்றச்சாட்டில் கைதானது நினைவிருக்கலாம். விமான எண்களைக் குறித்துக்கொள்ளும் பொழுதுபோக்குக்காரர்கள் அவர்கள். சிறையில் வாரக்கணக்கில் இருந்து, 2002 ஏப்ரலில் தண்டிக்கப்பட்டு, நவம்பரில்தான் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். நமக்கு ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்தது. அந்த உறுப்பினரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவர் இன்று வரவும் இல்லை.

இனி, அச்சுப் படங்களின் பின்பக்கத்தில் விவரம் எழுதி வைக்கும் பின்பக்கக் குறிப்புத் திட்டம். இது செயலாளரின் சொந்த ஆசை என்று செயற்குழுவில் ஒருமுறை சொல்லப்பட்டது. ஆம், ஆசைதான். நாம் விமானத்தைப் படம் எடுக்கும்போது அதன் எண்ணைக் குறிக்கிறோம், வகையைக் குறிக்கிறோம், பக்கத்தில் நிற்கும் மனிதரை "தரைக் குழுவினர்" என்று எழுதி முடித்துவிடுகிறோம். இரண்டாம் உலகப் போரில் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்துக்கு ஏழு பேர் கொண்ட குழு. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். விமானத்தின் முன் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படத்தின் பின்னால் யாரோ பென்சிலால் பெயர் எழுதி வைத்திருந்தால்தான் இன்று ஒரு குடும்பத்துக்கு அது தாத்தாவின் படம். இல்லாவிட்டால் ஏழு இளைஞர்களின் படம்.

ஆகவே நான் முன்வைத்தது இது: படத்தில் இருப்பவருக்கு அச்சுப் படியைத் திருப்பிக் கொடுப்பது; நம்மிடம் இருக்கும் படியின் பின்பக்கத்தில் நாள், விமான எண், அவர் செய்யும் வேலை ஆகியவற்றையும், அவரும் தளமும் சம்மதித்தால் மட்டும் பெயரையும் எழுதிப் பூட்டி வைப்பது. வெளியிடுவதற்கு அல்ல. இந்த ஆண்டு 86 படிகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. பயிற்சித் தளத்தில் நடுவயதுத் தொழில்நுட்பர் ஒருவர், கையெல்லாம் கிரீஸ், முதலில் படமே வேண்டாம் என்றார். பிறகு சக்கரத்தின் பக்கத்தில் என்றால் சரி என்று குந்தி உட்கார்ந்தார். இரண்டு மாதம் கழித்து அச்சுப் படியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் முகத்தை அவர் பார்க்கவில்லை. படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், சக்கரக் காலில் சிவப்பு நாடாவோடு தொங்கும் பாதுகாப்பு ஊசியைத் தேடினார். "மாட்டியிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அச்சுச் செலவு அதிகம் என்று வாதிடுவோர் அந்தப் பயணத்துக்கு வந்திருக்கலாம். வாகனத்தில் இடம் இருந்தது.

வரவு செலவை விரிவாகப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், இருப்பு கடந்த ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, கவலைப்படும் அளவுக்கு இல்லை. அச்சுச் செலவு எதிர்பார்த்ததைவிட ஓரளவு கூடியது. இரண்டு ரசீதுகள் ஹெலிகாப்டர் தளத்தில் நனைந்துவிட்டன. தொகை என் நினைவில் இருக்கிறது. சந்தா நிலுவை வைத்திருப்போர் பதினேழு பேர். அவர்களில் பதினோரு பேர் இந்த ஆண்டு ஏதாவதொரு தளத்துக்கு வந்து படம் எடுத்துச் சென்றவர்கள். மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினேன். இரண்டு பேர் பதில் எழுதினார்கள், இருவருமே அடுத்த பயணம் எப்போது என்று கேட்டு.

அனுமதி தந்த தளங்களின் மக்கள் தொடர்பு அதிகாரிகளுக்கும், வாகனம் ஏற்பாடு செய்த துணைத் தலைவருக்கும், தணிக்கையாளருக்கும், கூட்டத்துக்கு இந்த அறையைத் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு போர் விமானத் தளம் மீண்டும் அழைத்திருக்கிறது. ஆனால் இருபத்திரண்டு பேருக்கு அல்ல, பன்னிரண்டு பேருக்கு. காரணம் கேட்டு நான் எழுதவில்லை. பெயர்ப் பட்டியலை யார் தயாரிப்பது என்று முடிவாகவில்லை. என் பதவிக் காலம் இன்றோடு முடிகிறது. வேறு யாரேனும் முன்வந்தால் அலமாரிச் சாவியையும் பதிவேட்டையும் இப்போதே ஒப்படைக்கத் தயார். வற்புறுத்தினால் யோசிக்கலாம், வற்புறுத்தும்படி நான் கேட்கவில்லை. யார் தயாரித்தாலும் சந்தா செலுத்தியவர்களின் பெயரிலிருந்து தொடங்குவார் என்று நம்புகிறேன்.

பதிவேட்டில் 31 படங்களின் பின்பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. எடுத்தவர்களில் ஆறு பேர் இந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். படங்களை மேசையின் இடது ஓரத்தில் பரப்பி வைத்திருக்கிறேன், பென்சிலும் இருக்கிறது. கூட்டம் முடிய இன்னும் அரை மணி நேரம் ஆகும்.

இப்படிக்கு,
செயலாளர்