டூம் பேட்ரோலை எங்கிருந்து தொடங்குவது: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகள் யாழினிக்கு,

நானும் அம்மாவும் நலம். டூம் பேட்ரோல் என்ற சூப்பர் ஹீரோ குழுவைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரின் நான்கு பருவங்களையும் பார்த்து முடித்துவிட்டதாகவும், இனி காமிக்ஸைப் படிக்க ஆசைப்படுவதாகவும், ஆனால் தேடிப் பார்த்தால் அரை டஜன் ‘முதல் இதழ்’கள் வந்து நிற்பதால் எதை வாங்குவது என்றே விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1987இல் தொடங்கிய தொடரின் 19ஆம் இதழிலிருந்து படி. 1989 பிப்ரவரி என்று தேதியிட்ட இதழ் அது. எழுதியவர் கிராண்ட் மாரிசன், வரைந்தவர் ரிச்சர்ட் கேஸ். நீ இப்போது குடியிருக்கும் கிளாஸ்கோவில்தான் மாரிசன் பிறந்தார் என்பதால் அந்த ஊர் நூலகங்களில் இந்தப் புத்தகங்கள் கிடைக்க வாய்ப்பு அதிகம். வாங்குவதற்கு முன் அங்கே ஒருமுறை கேட்டுப் பார். 19 முதல் 63 வரையிலான அவருடைய இதழ்கள் முழுவதும் மூன்று தொகுதிகளாகச் சாதாரண அட்டையில் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் தைத்த பெரிய பதிப்பும் உண்டு. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய அதைப் படுத்துக்கொண்டு படிக்க முடியாது. அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான்.

ஒரு தொடரின் நடுவில் நுழைவதா என்று நீ கேட்பாய். இந்தக் குழுவைப் பொறுத்தவரை ‘ஒன்றாம் இதழ்’ என்பதே பெரிய குழப்பம். 1963இல் தொடங்கிய மூலத் தொடருக்கு ஒன்றாம் இதழே கிடையாது. ‘மை கிரேட்டஸ்ட் அட்வெஞ்சர்’ என்ற பத்திரிகையின் 80ஆம் இதழில் இவர்கள் அறிமுகமானார்கள். பிறகு அந்தப் பத்திரிகையே 86ஆம் இதழிலிருந்து ‘தி டூம் பேட்ரோல்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, எண்ணை மட்டும் விட்டுவிடாமல் தொடர்ந்தது. அதற்குப் பின் 1987, 2001, 2004, 2009, 2016, 2019, 2023 என்று இதை வெளியிடும் டிசி நிறுவனம் மீண்டும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கிக்கொண்டே இருக்கிறது. விற்பனை சரிந்ததும் நிறுத்துவார்கள். சில ஆண்டுகள் கழித்து, இந்தக் குழுவை மறக்க முடியாத எழுத்தாளர் ஒருவர் வந்து திரும்பவும் திறப்பார். பரவலாக அறியப்படாத குழுவுக்கு வாய்க்கும் வாழ்க்கை இது. 1987ஆம் ஆண்டுத் தொடரின் முதல் 18 இதழ்களைப் பால் கப்பர்பெர்க் எழுதினார். அவை மோசம் என்று சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் எல்லாச் சூப்பர் ஹீரோ குழுக்களும் எப்படி இருந்தனவோ அப்படியே இவையும் இருந்தன. அவற்றை நீ தாண்டிப் போகலாம்.

19ஆம் இதழ் ஒரு மனநல மருத்துவமனையில் தொடங்குகிறது. கிளிஃப் ஸ்டீல், அதாவது ரோபோமேன், தானாகவே போய் அங்கே சேர்ந்திருக்கிறார். கார்ப் பந்தய ஓட்டுநராக இருந்து, விபத்தில் உடல் சிதைந்து, மூளை மட்டும் உலோக உடம்புக்குள் வைக்கப்பட்டவர் அவர் என்பது உனக்குத் தெரியும். இந்த உடம்புக்குள் இருப்பது எப்படியிருக்கும் என்று அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் எவரும் ஊன்றிக் கேட்டதில்லை. மாரிசன் அந்தக் கேள்வியிலிருந்தே கதையைத் தொடங்குகிறார். தொட்டால் தெரியாது, சுவை கிடையாது, களைப்புக்கூடக் கிடையாது. இரும்புத் தலையைச் சுவரில் மோதினாலும் வலிக்காது. அங்கேயே அவர் ஜேனைச் சந்திக்கிறார். அவளுக்குள் 64 ஆளுமைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிச் சக்தி. மழையில் நின்றுகொண்டிருக்கும் அவளைக் கிளிஃப் உள்ளே அழைத்து வருகிறார். சண்டை எதுவும் இல்லாத அந்த இடத்தில்தான் குழு மறுபடியும் உருவாகிறது. முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவன் நான். உலோகக் கை என்றால் எனக்கு எப்போதும் ஒரு வசதியாகவே தோன்றியிருந்தது. கிளிஃபைப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

அதே முதல் கதையில் கத்தரி மனிதர்கள் வருகிறார்கள். ஜெர்மானியக் குழந்தைப் பாட்டு ஒன்றில் விரல் சூப்பும் பிள்ளையின் கட்டைவிரலை வெட்ட வரும் தையல்காரனின் சாயலில் உருவானவர்கள் இவர்கள். வெட்டுவது உடம்பை அன்று. ஆளையே இருப்பிலிருந்து நறுக்கி எடுத்துவிடுகிறார்கள், அவர் நின்ற இடத்தில் அவருடைய உருவத்தில் ஒரு வெற்றிடம் மட்டும் மிஞ்சுகிறது. அவர்கள் பேசும் வாக்கியங்கள் துண்டுதுண்டாய்ப் பொருளற்று இருக்கும். புரியவில்லையே என்று திரும்பத் திரும்பப் படித்து அலுத்துக்கொள்ளாதே, அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. 26 முதல் 29 வரையிலான இதழ்களில் மிஸ்டர் நோபடி என்பவனின் கூட்டம் ஓர் ஓவியத்தைத் திருடி, பாரிஸ் நகரத்தையே அதற்குள் இழுத்துக்கொள்கிறது. ஓவியத்துக்குள் அடுக்கடுக்காகச் செல்லச் செல்ல, ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு கலை இயக்கத்தின் பாணியில் மாறுகிறது. ரிச்சர்ட் கேஸின் கோடுகளும் கூடவே மாறுகின்றன. இந்த நான்கு இதழ்களை முடித்த பிறகும் உனக்குப் பிடிக்கவில்லை என்றால், இந்தக் குழு உனக்கானதன்று என்று புத்தகத்தை மூடிவிடலாம், நான் வருத்தப்படமாட்டேன்.

இரண்டாம் தொகுதியின் தொடக்கத்தில், 35ஆம் இதழில், டேனி வருவான். தொலைக்காட்சியில் நீ மிகவும் ரசித்ததாகச் சொன்ன அதே உயிருள்ள தெரு. எந்த நகரத்திலும் இரண்டு தெருக்களுக்கு நடுவே சத்தமில்லாமல் போய் ஒட்டிக்கொள்ளும். கடைப் பலகைகளின் எழுத்துகள் மூலமாகப் பேசும். துப்பாக்கிக் கடையின் சன்னலில் சரிகைத் திரைச்சீலையும் இளஞ்சிவப்புப் பூக்களும் தொங்கும். வேறெந்தச் சூப்பர் ஹீரோ குழுவிலும் ஒரு தெரு உறுப்பினராக இருந்து நான் பார்த்ததில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஜேனின் ஆளுமைகள் ஏன் பிரிந்தன என்பதற்கான காரணம் சிறுவயதில் அவளுக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமை. மாரிசன் அதை மறைப்பதும் இல்லை, கிளர்ச்சிக்காகக் காட்டுவதும் இல்லை. ஆனாலும் சில பக்கங்கள் கனமானவை. இரவு வேலை முடித்துவிட்டு வந்து தனியாகப் படிப்பதைவிட, விடுமுறை நாளில் பகலில் படி.

இனி நீ எதிர்பார்க்காத ஒரு குறை. தொலைக்காட்சியில் உனக்குப் பிடித்தவள் ரீட்டா. மாரிசன் எழுதிய இதழ்களில் அவளைத் தேடினால் கிடைக்கமாட்டாள், ஏனென்றால் அவள் 1968இலேயே இறந்துவிட்டாள். அதனால்தான், முதல் தொகுதியை முடித்ததும் அடுத்ததை எடுக்காமல், 1963க்குத் திரும்பிப் போ என்கிறேன்.

அந்தப் பழைய கதைகளை எழுதியவர் ஆர்னால்ட் டிரேக். தொடக்கத்தில் பாப் ஹேனியும் சேர்ந்து எழுதினார். வரைந்தவர் புரூனோ பிரெமியானி, ட்ரியெஸ்தேயில் பிறந்து அர்ஜென்டினாவில் வாழ்ந்தவர். அவருடைய முகங்கள் மட்டுமே போதும், இந்தக் கதைகளைப் படிப்பதற்கு. மற்ற ஓவியர்கள் தசையை வரைந்துகொண்டிருந்த காலத்தில் அவர் சோர்வையும் சலிப்பையும் வரைந்தார். சக்கர நாற்காலியில் இருக்கும் தலைவர் நைல்ஸ் கால்டர், திரைநட்சத்திரமாக இருந்து உருவம் பெருகிச் சுருங்கும் வரத்தைச் சாபமாகப் பெற்ற ரீட்டா ஃபார், உடம்பெங்கும் கட்டுப் போட்ட விமானி லாரி டிரெய்னர். லாரியின் உடலிலிருந்து வெளியேறும் எதிர்மறை ஆற்றல் 60 விநாடிகளுக்குள் திரும்பாவிட்டால் அவர் உயிர் போய்விடும்; அந்த ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டு டிரேக் எத்தனை விதமாகக் கதை பின்னுகிறார் என்று பார். இவர்கள் ஒருவரோடொருவர் சண்டை போடுவார்கள், உலகம் தங்களை வேடிக்கை பார்க்கிறது என்று கசப்படைவார்கள். அட்டையிலேயே உலகின் மிக விசித்திரமான நாயகர்கள் என்றுதான் போட்டிருக்கும்.

சக்கர நாற்காலித் தலைவர், ஒதுக்கப்பட்டவர்களின் குழு என்றதும் உனக்கு மார்வெல் நிறுவனத்தின் எக்ஸ்-மென் நினைவுக்கு வரும். எக்ஸ்-மென் முதல் இதழின் தேதி 1963 செப்டம்பர். டூம் பேட்ரோல் அதே ஆண்டு ஜூன். தம் எண்ணம் எப்படியோ அந்தப் பக்கம் போய்விட்டது என்ற சந்தேகம் டிரேக்குக்கு இருந்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஓர் இதழ் எழுதி, வரைந்து, அச்சாகி வர எடுக்கும் காலத்தைக் கணக்கிட்டால் மூன்று மாதத்தில் பார்த்து எழுதியிருக்க முடியாது என்பதே என் எண்ணம். இதைப் பற்றி வாதிடுபவர்களிடம் மாட்டிக்கொள்ளாதே, பொழுது போய்விடும்.

அறுபதுகளின் எல்லாக் கதைகளையும் படிக்க வேண்டியதில்லை. 80ஆம் இதழ், பெயர் மாறிய 86ஆம் இதழ், விலங்குகளாக உருமாறும் பீஸ்ட் பாய் அறிமுகமாகும் 99ஆம் இதழ், இவற்றோடு கடைசியான 121ஆம் இதழ் போதும். அந்தக் கடைசி இதழை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் விட்டுவிடாதே. தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்பது தெரிந்த பிறகு எழுதப்பட்டது அது. கோட்ஸ்வில் என்ற சிறிய மீனவக் கிராமத்தின் 14 பேரைக் கொல்வதா, அல்லது டூம் பேட்ரோலைக் கொல்வதா என்று எதிரி கேட்கிறான். அவர்கள் தங்கள் உயிரைக் கொடுக்கிறார்கள். கதையின் ஊடே பிரெமியானியும் பதிப்பாசிரியர் மரே போல்டினாஃபும் தாங்களே படங்களாக வந்து, இவர்களைக் காப்பாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது என்று வாசகர்களிடம் முறையிடுகிறார்கள். முறையீடு பலிக்கவில்லை. சூப்பர் ஹீரோக்கள் நிரந்தரமானவர்கள் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த 1968இல் ஒரு குழு முழுவதையும் கொன்று தொடரை முடித்தது எவ்வளவு துணிச்சல் என்பதை, இன்று மாதத்துக்கு ஒருவர் செத்துப் பிழைக்கும் காமிக்ஸைப் பார்த்துப் பழகிய நீ சற்று நின்று யோசித்தால்தான் உணர முடியும்.

பிறகு மாரிசனின் இரண்டாம், மூன்றாம் தொகுதிகளுக்கு வா. குழுவினருக்கு நேர்ந்த விபத்துகளுக்குத் தலைவரே காரணம் என்ற உண்மை தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவத்திலேயே உனக்குத் தெரிந்துவிட்டது. காமிக்ஸிலோ அது 1992இல், 57ஆம் இதழில்தான் வெளியாகிறது. அங்கே அவர் சொல்லும் காரணமும் வேறு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவரை நல்லவராகவே நம்பியிருந்த வாசகர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பது, 1963ஆம் ஆண்டின் அன்பான தலைவரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். அறுபதுகளை இடையில் படிக்கச் சொன்னதற்கு ரீட்டா ஒரு காரணம் என்றால், இது அதைவிடப் பெரிய காரணம்.

மாரிசன் விலகிய பின் 64 முதல் 87 வரை எழுதியவர் ரேச்சல் போலக். குறி பார்க்கும் டாரட் சீட்டுகளைப் பற்றி எழுதிப் பெயர் பெற்றவர், தாமே திருநங்கை. அவர் படைத்த கேட் காட்வின், பெரிய நிறுவனங்களின் காமிக்ஸில் வந்த முதல் திருநங்கை நாயகிகளில் ஒருத்தி. இந்த இதழ்கள் நெடுங்காலம் தொகுக்கப்படாமலேயே கிடந்து, 2022இல்தான் ஒரே பெரிய நூலாக வந்தன. மாரிசனின் நிழலில் இவரைத் தாழ்வாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது; என் வாசிப்பில் அது நியாயமில்லை. மெதுவாகப் போகும், ஆனால் உடம்பைப் பற்றி இவர் எழுதியதை மாரிசனால் எழுதியிருக்க முடியாது.

மற்றவற்றில் ஜெரார்ட் வே எழுதி, நிக் டெரிங்டன் வரைந்த 2016ஆம் ஆண்டுத் தொடரை மட்டும் பரிந்துரைப்பேன். உன் பள்ளிக்காலத்தில் வீடு அதிரக் கேட்ட மை கெமிக்கல் ரொமான்ஸ் குழுவின் பாடகர்தான் அவர். ஆம்புலன்ஸ் ஓட்டும் கேசி பிரிங்க் என்ற பெண்ணிலிருந்து கதை தொடங்கும்; ஆனால் டேனியையும் ஜேனையும் முன்பே தெரிந்தவர்களுக்குத்தான் அதில் பாதி இன்பம், ஆகவே கடைசியில் படி. 2001, 2004, 2009ஆம் ஆண்டுத் தொடர்களை நூலகத்தில் கண்டால் புரட்டிப் பார், காசு கொடுக்காதே.

முதல் தொகுதி அங்கே கிடைக்காவிட்டால் எழுது; என்னுடையதைத் தபாலில் அனுப்புகிறேன். அட்டை சற்று மடங்கியிருக்கிறது, பக்கங்கள் சரியாக இருக்கின்றன. போலக்கின் தொகுப்பு அங்கே பழைய புத்தகக் கடைகளில் நியாயமான விலைக்கு அகப்பட்டால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது எனக்கும் ஒன்று எடுத்து வா.

அன்புடன்,
அப்பா